வெள்ளைப் பக்கம் வெளியே

என் முன்னாள் மாமனார் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்து, வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை பேசுவார். சிவகாசியில் அவருக்கு ஓர் அச்சகம் இருந்தது. காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும் அடிப்பார்கள். அந்த வீட்டில் நான் மருமகளாக இருந்த காலத்தில், மளிகைச் சீட்டு எழுதுவதற்குக்கூட வெள்ளைத் தாள் பார்த்ததில்லை. முன்பக்கம் அணுகுண்டு லேபிள், பின்பக்கம் துவரம்பருப்பு என்று எழுதிப் பழகியவள் நான்.

அந்தச் சிக்கனத்துக்கு வருடத்தில் ஒரு நாள் தர்மம் என்று பெயர் மாறும். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூட நோட்டுக்குக் காசு கொடுத்துக் காக்கித் தாள் வாங்கி அட்டை போடுகிறவர்கள் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் ஆபீசர்கள் மட்டும்தான். மற்றவர்களுக்கெல்லாம் அச்சகத்து வேஸ்ட் ஷீட்தான். நிறம் விலகி இரண்டு மூக்கோடு நிற்கிற லட்சுமி, பாதி அடித்து நின்றுபோன புஸ்வாணம், தேதி மாறிப்போன காலண்டர் எல்லாம் ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் நோட்டுகளில் ஏறிவிடும். மாமனார் வருடா வருடம் இதைக் கட்டுக்கட்டாகக் கட்டி, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு "அன்பளிப்பு" என்று ஒரு சீட்டு ஒட்டி அனுப்பிவைப்பார். பழைய பேப்பர்காரன் எடைக்கு எடுக்காததைத் தானம் செய்துவிட்டு அந்த ஆள் நிமிர்ந்து நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும்.

அந்த வீட்டில் எனக்கு ஒரு கரு தங்காமல் போனது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. அழுகை நிற்கவில்லை. கடைசியில் மதுரையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க முடிவானது. என் கணவர் என்னைத் தெருமுனை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டு, யாராவது பார்த்துவிடுவார்கள் என்று டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே தனியாகத்தான் போனேன். மருத்துவர் பொறுமையாகக் கேட்டார், மாத்திரை எழுதினார், சில மாதங்களில் சரியாகிவிடும் என்றார். அவர் சொன்னபடியே சரியானது. சரியானதும் எனக்கு நன்றாகத் தெரிந்த முதல் விஷயம், அந்த வீட்டில் இனி இருக்க முடியாது என்பது. விருதுநகரில் என் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பி.எட். படித்திருந்ததால் சிவகாசிக்கு வெளியே, நாரணாபுரத்துப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வேலை கிடைத்தது. பட்டாசுக் கம்பெனிக்கும் அச்சகத்துக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனாலும் காலையில் எழுந்து புடவை கட்டி வெளியே போக ஒரு காரணம் இருந்ததே, அதுதான் என்னை நிறுத்தி வைத்திருந்தது. அந்த வேலை போனால் மறுபடி அந்தத் தூங்காத ராத்திரிகளுக்குள் விழுந்துவிடுவேன் என்று பயந்தேன். வேறு எதற்கும் அப்போது எனக்குப் பயம் இல்லை.

அந்தப் பங்குனியில் நீதிமன்ற அமீனா வீட்டுக்கு வந்து ஒரு கட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். விவாகரத்து மனு. வக்கீல் ஆபீசிலிருந்து வருகிற மனு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மங்கிப்போன ஜெராக்ஸ், கோணல்மாணலாக ஒரு சீல், ஓரத்தில் குமாஸ்தாவின் விரல் கறை. இது அப்படி இல்லை. எழுத்தெல்லாம் அச்சுக் கோத்த மாதிரி இருந்தது. தடவிப் பார்த்தேன். அச்சேதான்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்டதும் மாமனாருக்குப் பொறுக்கவில்லை. நம்மிடம் மெஷின் இருக்கும்போது அவனுக்கு எதற்குக் காசு? காலண்டர் சீசன் தொடங்காத மாதம், மெஷினும் சும்மாதான் கிடந்தது. மனுவைத் தமிழில்தான் எழுத வேண்டும், நாலு பேருக்குப் புரிய வேண்டும் என்று வக்கீலிடம் சொல்லி எழுதி வாங்கி, தன் அச்சகத்திலேயே கம்போஸ் செய்து, பிளேட் போட்டு, அடித்துவிட்டார். கோர்ட்டுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று, சம்பந்தம் பேசிய பெரியவர்களுக்குக் காட்ட இன்னும் சில. ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஆனால் ஆப்செட் மெஷின் கை விரலுக்கு அடங்காதே. அங்கே ஃபோர்மேனாக இருந்தவர் எனக்குத் தூரத்து உறவு. பிறகு ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது அவர் கூச்சமே இல்லாமல் சொன்னார்: "அஞ்சு காப்பி ஆறு காப்பி அடிக்கதுக்கு அது என்ன டைப்ரைட்டராம்மா? பிளேட்டுன்னு போட்டுட்டா ஆயிரமாவது ஓட்டணும். மொதலாளிதான் ஓட்டச் சொன்னாக. போட்ட பிளேட்ட வீணாக்கக் கூடாதுன்னாக."

அதனால் என் கதை ஆயிரம் பிரதி அடிக்கப்பட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் கவிதை எழுதிப் புத்தகம் போடுகிறவனுக்குக்கூட அவ்வளவு கிடைக்காது.

உள்ளே என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் "தீராத மனநோய் கொண்டவள்" என்று இருந்தது. மதுரை மருத்துவரின் சீட்டு, மாத்திரைகளின் பெயர்கள், ஆஸ்பத்திரியில் கரு கலைந்தபோது எழுதிக்கொடுத்த அறிக்கை எல்லாம் ஸ்கேன் செய்து சேர்க்கப்பட்டிருந்தன. கடைசி மாதவிலக்குத் தேதி வரைக்கும் அதில் இருந்தது. அப்பா வீட்டு விலாசம், கதவு எண், என் வங்கிக் கணக்கு எண் எதுவும் விடுபடவில்லை. லேபிள் அடிக்கிற நல்ல ஸ்கேனர் என்பதால் மருத்துவரின் கையெழுத்து அசலைவிடத் தெளிவாக விழுந்திருந்தது. டீக்கடையில் ஒளிந்துகொண்ட மனிதர், நான் உள்ளே என்ன பேசினேன் என்று தானே பக்கத்தில் இருந்து கேட்ட மாதிரி இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.

என் வக்கீல் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "பிரிண்டிங் நல்லாருக்கே." பிறகுதான் சட்டம் அவருக்கு ஞாபகம் வந்தது. திருமண வழக்குகளில் விசாரணை மூடிய அறையில்தான் நடக்க வேண்டும், வழக்கில் உள்ள எதையும் யாரும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். மீறினால் அபராதம் உண்டு, ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாது என்றார்.

"அச்சடிச்சிருக்காகளே சார், கண்ணு முன்னாடி இருக்கே" என்றேன்.

"இது கோர்ட்டுக்குன்னு எடுத்த நகல்னு சொல்லிருவாக. வெளிய போனாத்தாம்மா நம்ம கேக்க முடியும். வெளிய போகட்டும், பாத்துக்கிடலாம்."

வெளியே போகட்டும் என்று அவர் சொன்ன தொனி எனக்கு இன்னமும் காதில் இருக்கிறது. மழை வரட்டும், குடை வாங்கலாம் என்பது போலச் சொன்னார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. வழக்கம்போல மாமனாரின் அன்பளிப்புக் கட்டு எங்கள் பள்ளிக்கும் வந்தது. நான் அங்கே வேலை பார்ப்பது அவருக்குத் தெரியாது. மேலே அவருடைய பெயர் போட்ட சீட்டு ஒட்டியிருந்தது. அந்தக் கட்டைத் தொடக்கூட எனக்கு மனமில்லை. ஆயாம்மாதான் தாள்களைப் பிரித்து வகுப்பு வகுப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். என் வகுப்புக்கு அந்த வருடம் படம் போட்ட தாள் வரவில்லை. ஒரு பக்கம் சுத்தமான வெள்ளைத் தாள் வந்தது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். வீட்டில் அம்மாமார் வெள்ளைப் பக்கம் வெளியே வருகிற மாதிரி மடித்து அட்டை போட்டு அனுப்பினார்கள். என் வகுப்பு நோட்டுகளை அடுக்கி வைத்தால் பார்க்க அவ்வளவு துப்புரவாக இருந்தது. தலைமையாசிரியை மற்ற வகுப்புகளிடம் காட்டிப் புகழ்ந்தார்.

கால் பரீட்சைக்கு முன்னால் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பெண் குழந்தை தன் நோட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். ஜூன் மாதம் எழுத்துக் கூட்டத் தடுமாறியவள், அப்போதுதான் வாக்கியம் வாக்கியமாகப் படிக்கத் தேறியிருந்தாள். கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துக் காட்டுவாள். அவளுடைய நோட்டு அட்டை ஓரத்தில் கிழிந்து உள்பக்கம் வெளியே தெரிந்தது.

"டீச்சர், இதுல உங்க பேரு இருக்கு" என்றாள். பிறகு விரலை வைத்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே எழுத்துக் கூட்டிப் படித்தாள். "எதிர்... மனு... தாரர்." என் அப்பா பெயரையும் படித்தாள். அடுத்த வரிக்கு விரல் போவதற்குள் நோட்டை வாங்கிக்கொண்டேன்.

அவ்வளவு நன்றாகப் படித்ததற்கு அவளைப் பாராட்டியிருக்க வேண்டும். நோட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, போய் உட்காரச் சொன்னேன்.

அன்றைக்கு மாலை எல்லா நோட்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகக் கழற்றினேன். ஒரு நோட்டில் மாத்திரைச் சீட்டு, ஒன்றில் அப்பா வீட்டு விலாசம். இன்னொன்றில் மாதவிலக்குத் தேதி, அதன்மேல் ஒரு குழந்தை பென்சிலால் மயில் வரைந்திருந்தது. பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த அச்சகத்தைத் தீக்குச்சி கிழித்துக் கொளுத்தலாமா என்று மட்டும் தோன்றியது. எங்கள் பக்கத்தில் தீக்குச்சிக்குப் பஞ்சமா என்ன.

வேண்டுமென்றே செய்திருப்பார்கள் என்று என் அப்பா சொன்னார். நான் நம்பவில்லை. வஞ்சகம் செய்யவும் கொஞ்சம் அறிவு வேண்டும். அந்த மனிதருக்கு அது கிடையாது. ஆயிரம் பிரதியில் தேவையானதை எடுத்தது போக மிச்சம் கிடந்தது, பின்பக்கம் வெள்ளை, கிழித்துப் போட மனசு வரவில்லை, பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்று கட்டில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அதுதான் நடந்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தார். தேங்காய் என்னுடையது என்பது அவருக்கு உறைக்கக்கூட இல்லை.

அப்பா விடவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், சூலக்கரைக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வரலாம் என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். எங்கள் முறை வந்தது. மேசையில் இருந்தவர் மனுவோடு சேர்த்திருந்த நோட்டு அட்டையை விரித்து, நின்றபடியே முழுதும் படித்தார். பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்தது. மாத்திரையின் பெயர் வந்த இடத்தில் நிமிர்ந்து என் முகத்தை ஒருமுறை பார்த்தார். கடைசி வரி வரைக்கும் படித்து முடித்துவிட்டு, "இது கோர்ட் மேட்டரும்மா, இங்கன வாங்க முடியாது" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த முடிவுக்கு முதல் வரியிலேயே வந்திருக்கலாம். அரசாங்க ஊழியர் அவ்வளவு கவனமாக ஒரு தாளைப் படித்ததை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

வக்கீலிடம் போனேன். வெளியே போயிருக்கிறது சார், இப்போது கேளுங்கள் என்றேன். அவருக்கு உற்சாகம் பிறந்தது. தனி மனு போடலாம் என்றார். நோட்டு அட்டையை ஆதாரமாக இணைக்க வேண்டும். கோர்ட்டுக்கு ஒரு செட், எதிர்த்தரப்புக்கு ஒரு செட், அவர்கள் வக்கீலுக்கு ஒரு செட், ஆபீசுக்கு ஒன்று.

"அப்ப மறுபடியும் அதையே நகல் எடுக்கணுமா?"

"ஆதாரம் இல்லாம எப்பிடிம்மா மனு நிக்கும்?"

"பேரை, மாத்திரையை எல்லாம் கறுப்பு மையால அடிச்சிட்டுக் குடுத்தா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அடிச்சிட்டா அதுல என்ன இருந்துச்சுன்னு ஜட்ஜுக்கு எப்பிடித் தெரியும்?"

என் மானம் போனது என்று சொல்லவே நானே அதை இன்னொரு முறை நகலெடுத்து வரிசையாகக் கொடுக்க வேண்டும். இதைச் சட்டம் என்று சொல்லிச் சிரிக்காமல் இருக்க அந்தக் கறுப்பு அங்கி தேவைப்படுகிறது போலிருக்கிறது. வேறு வழியில்லாமல் ஜெராக்ஸ் கடையில் நின்றேன். கடைக்காரர் ஒவ்வொரு தாளையும் கண்ணாடிமேல் வைப்பதற்கு முன் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். தொழில் பழக்கம்தான், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

விசாரணை மூடிய அறையில்தான் நடந்தது. அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. கதவைச் சாத்தினார்கள். ஆனால் கதவுக்கு வெளியே பெஞ்சில் இரண்டு வக்கீல் குமாஸ்தாக்கள் என் வழக்குக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மாமனார் கை கட்டி நின்று, "ஏழைப் புள்ளைகளுக்குத் தர்மம் பண்ணுனேன்ய்யா, அது குத்தமா?" என்று கேட்டார். நீதிபதி அவரைக் கண்டித்தார், மிச்சத் தாள்களை ஒப்படைக்கச் சொன்னார், அபராதம் பற்றி அடுத்த வாய்தாவில் பார்க்கலாம் என்றார். அந்த வாய்தா வரவே இல்லை. அதற்குள் இரண்டு பக்கமும் சம்மதித்து விவாகரத்து முடிந்துவிட்டது. ஒப்படைத்த தாள்கள் ஒரு சணல் கயிற்றுக் கட்டு. மேலே எழுத்துப் பக்கம் தெரிகிற மாதிரி கட்டியிருந்தார்கள்.

தர்மத்தை வழக்காக்கிவிட்டேன் என்று மாமனாருக்கு ஆறவில்லை. எங்கள் பள்ளித் தாளாளர் அவருக்குப் பழக்கம். விசாரணை நடந்த வாரமே அவருக்கு போன் போட்டு, யாரை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். தாளாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்கிறார் என்றால் நம்மிடமிருந்து எதையோ பறிக்கப் போகிறார் என்று அர்த்தம்.

"நா ஒண்ணும் நெனைக்கலம்மா. பேரன்ட்ஸ் என்ன நெனைப்பாகன்னுதான் யோசிக்கேன். டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துருங்க, புத்தி சுவாதீனமா இருக்கீகன்னு. இல்லாட்டி வேற எடம் பாத்துக்கிடுங்க."

எந்தப் பெற்றோர் வந்து கேட்டார்கள் என்று கேட்டேன். யாரும் வரவில்லையாம். வருவார்களாம்.

மதுரைக்குப் போனேன். மருத்துவர் விஷயத்தைக் கேட்டு முதலில் கோபப்பட்டார், பிறகு எழுதிக் கொடுத்தார். விருதுநகர் மாவட்டத்தில் மூளை சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கையில் வைத்திருந்தது அப்போது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தாளாளரிடம் இல்லை, மாமனாரிடம் இல்லை. அவர்களைப் பார்த்து யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

சான்றிதழோடு விஷயம் முடியும் என்று நினைத்தேன். தாளாளர் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம் போடுகிறேன், அங்கே வாசித்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் இருக்காது என்றார். வேண்டாம் சார் என்றேன். வேண்டாமென்றால் வேலையை விட்டுவிடலாம் என்று சிரித்த முகத்தோடு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பட்டாசுக் கம்பெனிகள் லீவு என்பதால் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் அம்மாமார். நான் மேடை ஓரத்தில் நின்றேன். தாளாளர் குடிநீர்த் தொட்டி பற்றிப் பேசினார், வேன் கட்டணம் பற்றிப் பேசினார். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, தொண்டையைச் செருமி, "நம்ம மூணாம் வகுப்பு டீச்சர் சம்பந்தமா ஒரு விசயம்" என்று ஆரம்பித்தார்.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டிய அந்தப் பெண்ணின் அம்மா எழுந்தார். பட்டாசுக்குத் திரி வைக்கிற வேலை பார்க்கிறவர்.

"சார், அந்தப் பேப்பர வாசிக்க வேண்டாம். நாங்க ஜூன் மாசமே வாசிச்சிட்டோம்."

தாளாளருக்குப் புரியவில்லை. எதை என்று கேட்டார்.

"நீங்க குடுத்துவிட்ட தாளத்தான் சார். நோட்டுக்கு அட்டை போடயில வாசிச்சோம். எங்க வீட்டுக்கு வந்ததுல பாதிதான் இருந்துச்சு, மீதிய பக்கத்து வீட்டுல வாங்கி வாசிச்சோம். டீச்சருக்குப் புள்ள தங்காமப் போனது, ராத்திரி தூக்கமில்லாம அழுதது, மாத்திர தின்னது, வீட்டுக்காரரு கேஸ் போட்டது, அம்புட்டும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் புள்ளைகள அனுப்பிக்கிட்டு இருக்கோம். எம்புள்ள இன்னைக்கு வாசிக்கான்னா அவுகளாலதான். இப்ப எதுக்கு நீங்க புதுசா வாசிக்கீக?"

கூட்டத்தில் பல தலைகள் ஆடின. பின்வரிசையில் ஒருவர், "ஆமா சார், எங்களுக்கும் தெரியும்" என்றார். தாளாளர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆண்டு விழா பற்றிப் பேசத் தொடங்கினார்.

வேலை தப்பியது. வக்கீலாலும் சட்டத்தாலும் ஆகாததை அந்த அம்மா எழுந்து நின்ற நேரத்தில் முடித்துவிட்டார். இந்தக் கதையில் நான் மதிக்கிற ஆள் அவர் மட்டும்தான். ஆனால் என்னைக் காப்பாற்ற வந்தவருக்கும், நான் அழுதது முதல் மாத்திரை தின்றது வரைக்கும் எல்லாவற்றையும் சபையில் உரக்கச் சொல்லாமல் என்னைக் காப்பாற்ற வழி இருக்கவில்லை. நன்றி சொல்ல அவர் பக்கம் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப தூக்கம் வருதா டீச்சர்?" என்று கேட்டார்.

வருகிறது என்று சொன்னேன். அன்றைக்கு ராத்திரி வரவில்லை.